தையல் போடாத கண் ஆபரேஷனும் மிச்சம் நிற்கும் சிலிண்டரும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கும் உங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) வயது 71. இரண்டு மாதம் முன்பு இலவச முகாம் வழியாக வலக்கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இப்போது கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் −0.50, சிலிண்டர் −1.75, ஆக்ஸிஸ் 90 என்று இருக்கிறது. அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) 1996-ல் இதே ஆபரேஷன் நடந்தபோது ஏழு தையல் போட்டார்கள், அமுச்சிக்கு ஒன்றுகூட இல்லை. “வெட்டின இடத்தைத் தைக்காமல் விட்டால் கண் கோணாதா? இலவசம்தானே என்று நூலை மிச்சம் பிடித்துவிட்டார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த கே ரீடிங் 43.50-ம் 44.00-ம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியது நல்லதாகப் போயிற்று, பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தைக்காத காயம் ஒழுங்காக மூடுமா என்பது ஒன்று. மூடிய விதத்தால்தான் இந்த 1.75 வந்ததா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயங்காமல் ‘மூடும்’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ‘ஓரளவு ஆமாம், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை’ என்பதுதான் என் பதில். ஈரோட்டுப் பக்கம் 27 வருடமாகக் கண் ஆபரேஷன் செய்து வருகிறேன். தைத்த காலத்தையும் பார்த்திருக்கிறேன், தைக்காத காலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். அமுச்சியின் கண்ணை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் கடைசி வரை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கண்ணாடிக் கடையில் ‘சிலிண்டர்’ என்பதும், பள்ளிப் புத்தகத்தில் ‘பார்வைச் சிதறல்’ என்பதும், நாங்கள் அஸ்டிக்மாடிசம் என்பதும் ஒரே சங்கதிதான். கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிதான் ஒளியை வளைப்பதில் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் பவரின் அலகு) என்றால் அதில் 43, 44 கருவிழியுடையது. அகலம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டர். அது பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் சிலிண்டர் இல்லை. கரண்டியின் முதுகைப் போல ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்குத் திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால், அந்த வித்தியாசம்தான் சிலிண்டர். அதை எந்தக் கோணத்தில் திருத்த வேண்டும் என்பது ஆக்ஸிஸ். கே ரீடிங் என்பது இந்த இரண்டு வளைவுகளின் அளவு. இளவயதில் பெரும்பாலும் மேல்-கீழ் வாட்டத்தில் வளைவு கூடுதலாக இருக்கும். வயது ஏற ஏற அது இடம் மாறி, 60, 70-ல் பலருக்கு இட-வல வாட்டத்தில் கூடிவிடும். ஆபரேஷனே செய்யாதவர்களுக்கும் இப்படித்தான் நடக்கும்.

இவ்வளவு மெல்லிய, இவ்வளவு கணக்கான ஒரு வளைவின் ஓரத்தில்தான் நாங்கள் கத்தி வைக்கிறோம். அந்த வெட்டை எப்படி மூடுகிறோம் என்பது பார்வையைத் தொடாமல் இருக்குமா?

அப்பிச்சியின் காலத்துக் கதையை முதலில் சொல்கிறேன். அப்போது புரையை முழு உருண்டையாக வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கருவிழியின் மேல் ஓரத்தில், கடிகாரத்தில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிறை போல ஒரு வெட்டு. இவ்வளவு பெரிய வெட்டு தானாக மூடவே மூடாது. அதனால் ஐந்து முதல் ஏழு தையல். நூல் 10-0 நைலான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. மைக்ரோஸ்கோப் இல்லாமல் கண்ணுக்கே தெரியாது. கையிலிருந்து நழுவித் துணிமேல் விழுந்துவிட்டால் தேடி எடுப்பதைவிடப் புதிதாகப் பிரித்துக்கொள்வது மேல்.

திருப்பூரில் பனியன் தைப்பவரிடம் கேட்டால் தையலின் குணத்தைச் சொல்வார். மிஷினில் நூல் டென்ஷன் ஏறிவிட்டால் துணி அந்த இடத்தில் சுருங்கி, பக்கத்தில் எழும்பி நிற்கும். கருவிழியிலும் அதேதான். தையல் இறுகினால் அதன் கீழ் இருக்கும் சதை நெருக்கப்பட்டு, அந்த வாட்டத்தில் நடுக்கருவிழியின் வளைவு கூடுகிறது. மேலே பன்னிரண்டு மணியில் இறுக்கித் தைத்தால் மேல்-கீழ் வளைவு ஏறும், அதற்கு ஈடாக இட-வல வளைவு கொஞ்சம் தட்டையாகும். தையல் தளர்ந்தாலோ காயம் இம்மி விரிந்தாலோ நேர் எதிராக மேல்-கீழ் வாட்டம் தட்டையாகும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, கண்ணெதிரே பார்க்கலாம். நாங்கள் பயிற்சி எடுத்த தியேட்டரில் இதற்கென்று விலை உயர்ந்த கருவி கிடையாது. சுத்திகரித்த ஒரு சேஃப்டி பின் இருக்கும். அதன் வளையத்தை கருவிழிக்கு மேலே பிடித்தால் ஈரமான கருவிழியில் அதன் பிம்பம் விழும். பிம்பம் வட்டமாக இருந்தால் தையல் சமம். படுக்கைவாட்டில் முட்டையாக நீண்டிருந்தால் மேல்-கீழ் வளைவு கூடிவிட்டது, மேலே இறுக்கிவிட்டாய், அவிழ்த்துப் போடு என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் எத்தனையோ மெஷின் வந்தும் அந்தப் பின் மீது எனக்கு மரியாதை குறையவில்லை.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் காயம் ஒழுகிவிடுமோ என்ற பயம்தான் பெரிது. அதனால் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பேன். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஆறு வாரம் கழித்து வந்து, “எழுத்துக்கு எல்லாம் நிழல் முளைச்சிருக்குதுங்க” என்றார். பார்த்தால் சிலிண்டர் ஐந்து டயாப்டர். புரைக்குப் பதிலாக உள்ளே வைத்த லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, மனிதர் பேப்பர் படிக்க முடியாமல் தவிக்கிறார். இரண்டு வாரம் பொறுத்து, சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்து, ஸ்லிட் லாம்ப் என்கிற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியின் முன் உட்கார வைத்து, ஊசி முனையால் ஒரு தையலை அறுத்தேன். அறுந்த நொடியில் நூலின் இரு முனையும் பட்டென்று விலகும். அந்த விலகலைப் பார்த்தாலே எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். அத்தோடு அனுப்பி ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்க வேண்டும். பார்வை உடனே தெளிந்ததில் அவருக்கும் சந்தோஷம், எனக்கும் உற்சாகம். அடுத்தடுத்து இன்னும் இரண்டை அறுத்துவிட்டேன். அடுத்த மாதம் வந்தபோது ஆக்ஸிஸ் தலைகீழாகத் திரும்பி, எதிர்ப்பக்கம் இரண்டு டயாப்டர் நின்றது. இறுக்கம் மொத்தமும் ஒரேயடியாகப் போனதில் காயம் மெல்ல விரிந்துவிட்டது. அதன்பிறகு ஒரு வருகைக்கு ஒரே தையல், மிஞ்சினால் இரண்டு என்பதை நான் மீறியதில்லை.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தையல் என்றால் காயத்துக்குப் பூட்டு, பார்வைக்குக் காவல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கண்ணுக்குள் நாம் வைக்கிற ஒரு இழுவிசை அது. காயத்தை மூடத்தான் வைக்கிறோம், கூடவே வளைவையும் அது இழுக்கும். அதோடு அது நிரந்தரமும் இல்லை. நைலான் உடம்புக்குள் மெல்ல மெல்லச் சிதையும், ஒன்றிரண்டு வருடத்தில் வலுவிழக்கும். முதல் மாதங்களில் மேல்-கீழாக ஏறி நின்ற சிலிண்டர் நூல் தளரத் தளர இறங்கி, பல பேருக்குக் கடைசியில் இட-வலமாகத் திரும்பிப் போய் நிற்கும். அந்தக் காலத்தில் ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று மாதத்துக்குக் கண்ணாடி எழுதாமல் இழுத்தடித்ததற்கு இதுதான் காரணம். உங்கள் அப்பிச்சி நன்றாகப் பார்த்தார் என்கிறீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்திருப்பார். அந்தக் கண்ணாடியில் எவ்வளவு சிலிண்டர் இருந்தது என்று அன்று யாரும் வீட்டில் பேசியிருக்க மாட்டார்கள். பழைய கண்ணாடி பெட்டியில் எங்காவது கிடந்தால் ஒரு கடையில் கொடுத்து அளந்து பாருங்கள்.

சரி, தைக்காமல் எப்படி மூடுகிறது? உங்கள் ஊர்க் கிணற்றில் மோட்டார் பைப்பின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும் இல்லையா? மேலே நிற்கிற தண்ணீரின் பாரமே அந்த மூடியை அழுத்தி மூடிவிடுகிறது, தனியாக யாரும் பிடித்திருக்க வேண்டியதில்லை. தைக்காத ஆபரேஷனின் சூட்சுமமும் அதுதான். அமுச்சிக்கு நடந்தது அநேகமாக எஸ்.ஐ.சி.எஸ். என்கிற சிறுவெட்டு முறை. முகாம் வழியாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் செய்கிறார்கள். இதில் கத்தி நேராகக் கண்ணுக்குள் இறங்காது. கருவிழி ஓரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வெள்ளை விழியில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேலாக ஒரு கோடு. அங்கிருந்து சதையின் பாதித் தடிமனில் படுக்கையாகச் சுரங்கம் போல முன்னேறி, தெளிந்த கருவிழிக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போன பிறகுதான் உள்ளே திறக்கும். வெளிவாசல் ஓர் இடம், உள்வாசல் வேறோர் இடம், நடுவில் நீண்ட இடைகழி. ஆபரேஷன் முடிந்து கண்ணுக்குள் திரவத்தை நிரப்பியதும் உள்ளிருக்கும் அழுத்தம் அந்தச் சுரங்கத்தின் கீழ் உதட்டை மேல் உதட்டோடு ஒட்ட வைத்துவிடும். கண்ணில் அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகத்தான் செய்யும். மூடியதும் நாங்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. உலர்ந்த பஞ்சை வைத்து ஒற்றி, கண்ணை லேசாக அழுத்திப் பார்த்து, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று கண்ட பிறகுதான் கட்டுப் போடுகிறோம். நுணுக்கம் முழுக்க சுரங்கத்தைப் போடும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. சுரங்கம் குட்டையாகப் போனாலோ மேல்தோல் கிழிந்தாலோ அது தானாக மூடாது, அப்போது தையல் போட்டே ஆக வேண்டும். போடுகிறோம். நூல் பெட்டி எப்போதும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

ஆகவே நூல் மிச்சம் பிடித்தார்களா என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம். தைப்பது எளிது. தைக்கத் தேவையில்லாதபடி வெட்டுவதற்குத்தான் கை பழக வேண்டும். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும், 1992-ல் அதன் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் வந்து லென்ஸ் விலை சாமானியர் கைக்கு எட்டியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆரோலேப்பிலேயே தையல் நூலும் தயாராகிறது. இந்தப் பகுதியில் நூலுக்குப் பஞ்சம் இல்லை. காசு கொடுத்துச் செய்கிற, புரையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் ஃபேகோ ஆபரேஷனிலும் தையல் கிடையாதே! அதில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வெட்டு. கடைசியில் வெட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் திரவத்தைப் பீய்ச்சுவோம். கருவிழிச் சதை உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த வெண்மை ஒரு நாளில் வடிந்துவிடும். இந்த உப்பலால் மறுநாள் எடுக்கிற கே ரீடிங் கொஞ்சம் தாறுமாறாகத்தான் இருக்கும், அதை வைத்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தைக்காவிட்டாலும் வெட்டு வெட்டுதான். எந்த வாட்டத்தில் வெட்டுகிறோமோ அந்த வாட்டம் ஆறும்போது கொஞ்சம் தட்டையாகும், அதற்குக் குறுக்கு வாட்டம் கொஞ்சம் ஏறும். எவ்வளவு என்பதை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன. முதலில் நீளம். இது நேர்க்கணக்கில் போகாது. வெட்டின் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப விளைவு கூடும் என்பது 1990-களின் தொடக்கத்திலிருந்து எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற விதி. அதன்படி 3 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் விளைவு எட்டு மடங்கு. உயிருள்ள கண்ணில் அவ்வளவு சுத்தமாகக் கணக்கு வராது. ஆனாலும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் விலை உள்ளது என்பதற்கு இந்த விதி போதும். அடுத்தது, கருவிழி நடுவிலிருந்து வெட்டு எவ்வளவு தூரம் என்பது. தள்ளிப் போகப் போக விளைவு குறையும். கருவிழி நீள்வட்டம், குறுக்கில் அகலம் அதிகம். அதனால் காதோரப் பக்கமாக வைக்கிற வெட்டு, மேலே வைக்கிற வெட்டைவிட நடுவிலிருந்து தள்ளியே இருக்கும். மேலே வைத்தால் இமை வேறு தினமும் ஆயிரக்கணக்கான முறை அதன் மேல் ஏறி இறங்கும். மூன்றாவதாக, வெட்டின் வடிவம். கருவிழி ஓரத்தை ஒட்டி வளைத்தால் உதடுகள் தொய்ந்து விலகும். எதிர்ப்பக்கம் வளைத்து, அழுகிற குழந்தையின் உதடு மாதிரி வெட்டினால் ஓரம் தொய்யாமல் நிற்கும். அதை நாங்கள் ஃப்ரௌன் என்போம்.

எண்களாகச் சொன்னால், எஸ்.ஐ.சி.எஸ். வெட்டு இருக்குமிடத்தை வைத்து இந்தியாவில் 2005-ல் வெளியான ஒரு ஒப்பீட்டில், மேலே வெட்டியவர்களுக்கு ஆபரேஷனால் உண்டான சிலிண்டர் சராசரி 1.28 டயாப்டர். காதோரப் பக்கம் 0.37, இரண்டுக்கும் நடுவில் மேல்மூலையில் 0.20. என் நோயாளிகளிடம் நான் பார்ப்பதும் இந்த வரிசைதான். ஃபேகோவில் பொதுவாக அரை டயாப்டரைத் தாண்டாது.

இப்போது அமுச்சியின் சீட்டைக் கையில் எடுங்கள். ஆபரேஷனுக்கு முன் 43.50, 44.00, அதாவது கருவிழியில் ஏற்கெனவே 0.50 சிலிண்டர் இருந்திருக்கிறது. 44.00 எந்த வாட்டத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வயதுக்கு அது பெரும்பாலும் இட-வலமாகத்தான் இருக்கும், அப்படியே வைத்துக்கொள்வோம். மேலே 6 மில்லிமீட்டர் வெட்டு வைத்ததில் மேல்-கீழ் வாட்டம் 43.50-லிருந்து 42.75-க்குத் தட்டையாகி, இட-வலம் 44.00-லிருந்து 44.50-க்கு ஏறியிருந்தால், வித்தியாசம் 1.75. மைனஸ் சிலிண்டரில் ஆக்ஸிஸ் 90 என்று எழுதினால், இட-வல வாட்டத்தில் வளைவு கூடுதல் என்றுதான் பொருள். உங்கள் சீட்டும் அப்படியே சொல்கிறது. ஆக 0.50 அமுச்சியின் சொந்தச் சொத்து, மீதி 1.25 வெட்டு கொடுத்தது. மேலே வைத்த 6 மில்லிமீட்டர் வெட்டுக்கு அது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான், யாருடைய கவனக்குறைவும் அதில் தெரியவில்லை. 44.00 என்பது மேல்-கீழ் வாட்டம் என்று சீட்டில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது மொத்த மாற்றம் 2.25 ஆகிறது, அது கொஞ்சம் அதிகம். காயத்தை ஒருமுறை ஸ்லிட் லாம்ப்பில் பார்த்துவிடச் சொல்வேன்.

தைத்திருந்தால் இந்த 1.25 வந்திருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் சில மாதம் குறைவாகத் தெரிந்திருக்கும், இறுக்கியிருந்தால் எதிர்ப்பக்கம்கூடப் போயிருக்கும். நூல் தளர்ந்ததும் வெட்டு தன் இயல்புக்குத்தான் திரும்பும். காதோரப் பக்கம் வெட்டியிருந்தால் நிச்சயம் குறைந்திருக்கும். இட-வல வளைவு கூடுதலாக உள்ளவருக்கு அந்த வாட்டத்திலேயே வெட்டு வைத்தால் இருந்த சிலிண்டரையும் கொஞ்சம் தின்றுவிடும். நியாயமாகப் பார்த்தால் அமுச்சிக்கு அதுதான் பொருத்தம். அப்படியானால் ஏன் மேலே வைத்தார்கள்? மேலே வைத்தால் வெட்டை இமை மூடிப் பாதுகாக்கும், பெரும்பாலோர் கை பழகியதும் தலைமாட்டில் உட்கார்ந்து செய்துதான். பக்கவாட்டில் செய்ய மைக்ரோஸ்கோப்பையும் நாற்காலியையும் ஒவ்வொரு கண்ணுக்கும் இடம் மாற்ற வேண்டும். பழக்கத்துக்கும் வேகத்துக்கும் நாங்கள் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு நோயாளியின் கண்ணாடியில் போய் உட்கார்கிறது என்பதை என் தரப்பிலிருந்தே ஒப்புக்கொள்கிறேன். அதற்காக முறையையே குறை சொல்லிவிட வேண்டாம். நேபாளத்தில் 108 பேரை இரு கூறாகப் பிரித்து ஃபேகோவையும் எஸ்.ஐ.சி.எஸ்.-ஐயும் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து இரு கூட்டத்திலும் 98 விழுக்காட்டினருக்குக் கண்ணாடியோடு 6/18-ஓ (நல்ல கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) அதற்கு மேலோ பார்வை இருந்தது. அங்கே வெட்டு வைத்தது காதோரப் பக்கம்.

இதுவரை சொன்னவற்றில் வெட்டு தட்டையாக்கும், இறுக்கிய தையல் ஏற்றும், நீளமும் இடமும்தான் பெரிய காரணங்கள் என்பவை உறுதியானவை. ஒரு குறிப்பிட்ட கண் எவ்வளவு மாறும் என்பது அப்படி இல்லை. 1.28 என்பது சராசரி. ஒரே நாளில், ஒரே கத்தியால், ஒரே அளவில் நான் வெட்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு அரையும் இன்னொருவருக்கு இரண்டும் வந்திருக்கிறது. கருவிழியின் விறைப்பு ஆளுக்கு ஆள் வேறு. வெட்டும்போது ரத்தம் நிறுத்தச் சூடு வைக்கிறோமே, அது கூடினால் சதை சுருங்கும். ஸ்டீராய்டு சொட்டு நீண்ட நாள் போனால் காயம் ஆறுவது தாமதமாகும். இருமல், மலச்சிக்கல், கண்ணைக் கசக்குவது இவை காயத்தை நெகிழ்த்தலாம். ஆனால் அமுச்சிக்கு இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கருவிழியின் பின்பக்க வளைவும் ஒரு கால் டயாப்டர் அளவுக்குக் கணக்கில் நுழையும், கே ரீடிங் எடுக்கிற சாதாரண கெராட்டோமீட்டர் அதைப் பார்ப்பதே இல்லை. இட-வல சிலிண்டர் கொஞ்சம் மிஞ்சினால் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் படிக்க உதவும் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். என் நோயாளிகள் சிலர் ஆமாம் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள், எனக்கு அதில் முடிவான கருத்து இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்றால், இந்த முறையில் ஆறு வாரத்தில் வளைவு பெரும்பாலும் நிலைத்துவிடும். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் தயங்காமல் கண்ணாடி போட்டுவிடலாம். 1.75 கண்ணாடியில் முழுசாகச் சரியாகும். ஃப்ரேம் மூக்கில் சாய்ந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலிண்டர் கண்ணாடி சாய்ந்தால் ஆக்ஸிஸும் சாய்ந்துவிடும். முதல் வாரம் தரை சரிவாகத் தெரிகிறது என்பார், படியில் மட்டும் கை பிடித்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். கண்ணாடி போட்டும் மங்கலாக இருந்தால் சிலிண்டர் காரணமில்லை, வேறு காரணம் தேட வேண்டும். வலி, சிவப்பு, கண்ணில் நீர் கொட்டுவது, திடீர் மங்கல் இருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். அப்பிச்சிக்கு இத்தனை வருடம் கழித்து அந்தக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தால் பழைய நைலான் முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை, எடுத்துவிடுவார்கள். அசட்டையாக விட்டால் அந்த முனை வழியாகக் கிருமி நுழையும்.

அமுச்சிக்கு இடக்கண் இன்னும் பாக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது தையல் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். வலக்கண்ணின் பழைய கே ரீடிங், புதிய கண்ணாடிச் சீட்டு இரண்டையும் கொண்டுபோய், “போன தடவை மேலே வெட்டினதுல இவ்வளவு நின்னிருக்குதுங்க, இந்தக் கண்ணுக்குக் காதோரமா வைக்க முடியுங்களா?” என்று கேளுங்கள். கண் குழிவாக இருக்கிறதா, கண்ணில் வேறு ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து அவர் முடிவு செய்வார். சிலிண்டரையும் சேர்த்துத் திருத்துகிற டோரிக் லென்ஸ் பற்றி யாராவது சொன்னால், அது கண்ணுக்குள் 30 டிகிரி திரும்பிவிட்டால் பலன் பூஜ்யம் என்பதையும், அரை டயாப்டர் சிலிண்டருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அமுச்சியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தூரத்தில் பஸ் போர்டு தெரிந்தால் போதுமா, கிட்டத்தில் அரிசியில் கல் பொறுக்க வேண்டுமா என்று. லென்ஸ் பவரை முடிவு செய்கிறவருக்கு அந்தப் பதில் வேண்டும். முகாம் கூட்டத்தில் அதைக் கேட்க நேரம் இருந்திருக்காது.